மழைக்கு நான் சொன்ன ஆமென்

கோவில்பட்டியிலிருந்து புதூர்ப் பக்கம் பஸ்ஸில் வருகிறவர்கள் எங்கள் ஊர் விலக்கில் ஒரு நிழற்குடையைப் பார்க்கலாம். நான் கட்டியது. மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்த பிறகு, 'போங்கய்யா' என்று செங்கலை இறக்கி நானே கட்டினேன். கொத்தனாருக்குச் சித்தாள் வேலை பார்த்தவனும் நானே.

அங்கிருந்து ஊருக்குள் நடந்தால் முதலில் வருவது என் தீப்பெட்டி ஆபீஸ். தீப்பெட்டி செய்கிற இடத்தை எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மேஜை நாற்காலி தேடாதீர்கள். அதையும் நான்தான் கட்டினேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

அதைத் தாண்டினால் எங்கள் கோயில். சிலுவை வைத்த சின்னக் கோயில், என் தாத்தா காலத்தது. அதை நான் கட்டியதாகச் சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் அதைச் சுற்றி நிற்கிற காம்பவுண்டுச் சுவர் நான் கட்டியது. உள்ளே சுற்றுகிற மின்விசிறிகள் நான் மாட்டியவை. அசனப் பண்டிகைக்கு ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற கொட்டகை நான் போட்டது. மூன்று பேர் வந்து உள்ளங்கையில் தேங்காயை வைத்துப் பார்த்து, 'சொட்டுத் தண்ணி கிடையாது' என்று சொல்லிவிட்டுப் போன இடத்தில் போர் இறக்கித் தண்ணீர் எடுத்ததும் நான்தான். இன்றைக்கும் குடிக்கிறார்கள்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பிற்பாதிக்குப் போகவில்லை. என் எழுத்துப் பிழைகளைப் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்கிறார்கள். விஷயத்தைத் திருத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

என் முதல் ஆபீஸ் எரிந்துபோன கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு, கயத்தாற்றிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். 'ஐயா, இத்தனை கஷ்டத்திலும் விசுவாசத்தை விடாமல் இருந்தீர்களே, எப்படி?'

அன்புள்ள கயத்தாற்றுக்காரரே, விட்டேன். எரிந்தபோது விடவில்லை. எல்லாம் நன்றாக நடந்தபோது விட்டேன். அதைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நினைத்தாலே இந்த வயதிலும் உடம்பு துள்ளுகிறது.

சாட்சி சொன்ன ஞாயிறு

ஐப்பசி பிறந்து ஒன்றிரண்டு வாரம் ஆகியிருக்கும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை அவரவர் எழுந்து சொல்ல வேண்டும். சொல்லி முடித்து 'ஸ்தோத்திரம்' என்றால், சபை முழுவதும் 'ஸ்தோத்திரம்' என்று திருப்பிச் சொல்லும்.

நான் எழுந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் செல்போன்.

"கர்த்தர் எனக்கு இந்த மாசம் நல்ல வெயிலைத் தந்திருக்காரு. பெட்டியெல்லாம் அப்பளம் மாதிரி காயுது. ஒரு தூறல் கிடையாது. ஸ்தோத்திரம்!"



நான் மாட்டிய மின்விசிறிகள் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெண்கள் பக்கம் பார்த்தேன். என் மனைவி பாக்கியம் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"வெயிலுக்கா அண்ணாச்சி ஸ்தோத்திரம்?"

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோயிலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கரிசல் காட்டுக்காரர்கள். கிணறு கிடையாது, வாய்க்கால் கிடையாது, வானம்தான். இரண்டு வருஷமாக மழை பொய்த்துவிட்டது. மூன்றாவது வருஷமும் விதைத்திருந்தார்கள். மழை வரும் என்று நம்பி, காய்ந்த புழுதியிலேயே உளுந்தையும் பாசியையும் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். விதைத்ததை எறும்பு தூக்கிக்கொண்டிருந்தது. அவர்கள் முன்னால் எழுந்து நின்று நான் வெயிலுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்!

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அது எனக்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரியும். ஐப்பசியில் எந்தத் தீப்பெட்டிக்காரனும் பெரிய ஆர்டர் எடுக்க மாட்டான். மழைக் காலம். ஈரக்காற்று பட்டாலே குச்சியின் மருந்து நமுத்துப்போகும். பெட்டியின் பக்கவாட்டில் தடவுகிற உரசு மருந்து வெயிலில்தான் காய வேண்டும். வடநாட்டு வியாபாரி ஒருவர் ஒரு லாரி லோடு கேட்டு வந்தபோது கோவில்பட்டியில் எல்லோரும் கையை விரித்தார்கள். நான் ஒருவன் தலையை ஆட்டினேன். 'ரெண்டு வருஷமா பெய்யாத மழை இந்த வருஷம் எங்கன பெய்யப்போகுது?' என்று நினைத்தேன்.

அதாவது, என் சபை மழை வரும் என்று விதைத்தது. நான் மழை வராது என்று ஆர்டர் எடுத்தேன். ஒரே கோயில், ஒரே கர்த்தர்.

என் நாற்காலியில் உட்கார்ந்தேன். உபதேசியார் எழுந்தார்.

உபதேசியார் ஏசுவடியானுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் குரு, அதாவது பாதிரியார், பல ஊர்களைப் பார்க்க வேண்டியவர், மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் சபையை நடத்துவது உபதேசியார்தான். ஊழியத்துக்கு வருவதற்கு முன்னால் அவர் லோடு ஆட்டோ ஓட்டினார். என் பண்டல்களையே ஏற்றியிருக்கிறார்.

"வருகிற புதன்கிழமை மழைக்காக உபவாச ஜெபம். கடைசி ஜெபம் ஞானமுத்து அண்ணாச்சி பண்ணுவாங்க" என்றார்.

கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது.

நாற்பது வருஷ இருமல்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் அம்மாவும் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்காரிதான். எனக்குக் கை எட்டிய நாளில் என்னையும் கூட்டிப்போய்ச் சட்டத்தில் குச்சி அடுக்க உட்கார வைத்தாள். அந்தக் காலத்தில் கேட்க ஆள் இல்லை. எங்களுக்குக் காடு கிடையாது, மாடு கிடையாது. ஊரில் மழை பெய்தால் மற்ற வீட்டுப் பிள்ளைகள் தெருவில் குதிக்கும். எங்கள் வீட்டில் அம்மா கூரையைப் பார்ப்பாள். மழை என்றால் ஆபீஸ் லீவு. ஆபீஸ் லீவு என்றால் அடுப்பு லீவு.

மண்வாசனை, மண்வாசனை என்கிறார்களே, எனக்கு அந்த வாசனை வந்தால் வயிறு பிசையும். பசிக்கும் வாசனை அது.

அதனால் கோயிலில் மழைக்காக ஜெபம் வந்தால், எல்லோரும் 'ஆமென்' சொல்லுகிற இடத்தில் நான் இருமிவிடுவேன். சின்ன வயதில் அம்மாவைப் பார்த்துப் பழகியது. அவள் இருமுவாள், நானும் இருமுவேன். வளர்ந்தேன், சொந்த ஆபீஸ் வைத்தேன், இருமல் கூடவே வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் இருமியிருக்கிறேன். ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மற்ற ஆமென்களுக்கு நான் குறை வைத்ததில்லை. சும்மா சொல்லவில்லை, என் ஆமென் ஊருக்கே தெரியும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், 'ஞானமுத்து ஆமென் சொல்லிட்டான், ஆராதனை முடிஞ்சது, உலையை வை' என்று தெருக்கோடியில் சோறு வைப்பார்கள்.

ஆபீஸ் எரிந்த மறுநாள்கூட நான் கோயிலுக்குப் போனேன். யாருக்கும் காயமில்லை, உயிர்ச்சேதமில்லை, சாம்பல்தான் மிச்சம். அன்றைக்கும் எல்லா ஜெபத்துக்கும் ஆமென் சொன்னேன். குருவே அழுதுவிட்டார். அந்த நெருப்பிலும் சாயாதவன், ஒரு தூறலுக்குப் பயந்து இருமிக்கொண்டிருந்தேன்.

லோடு ஆட்டோக்காரர் சொன்ன வேதம்

திங்கட்கிழமை காலையில் உபதேசியார் வீட்டுக்குப் போனேன். வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"உபதேசியாரே, புதன்கிழமை எனக்கு ஜோலி இருக்கு. வேற ஆளைப் போடுங்க."

"உபவாசத்தன்னைக்கு என்ன ஜோலி அண்ணாச்சி? சாப்பாட்டு ஜோலிகூடக் கிடையாதே."

"எனக்குப் பொய்யா ஜெபம் பண்ண வராது."

"வராதுன்னு எனக்கும் தெரியும். இருமத்தான் வரும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஊருக்கே தெரியும். மழை ஜெபத்துல நீங்க இருமுனா, சின்னப் பிள்ளையெல்லாம் ஒண்ணையொண்ணு கிள்ளிக்கிடுது."

கோபம் வந்தது எனக்கு. "தெரிஞ்சும் என் பேரை எதுக்கு வாசிச்சீங்க? என்னைச் சபையில அவமானப்படுத்தவா?"

அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். "மழை வேணுங்கிறவன் மழை கேக்கது என்ன பெரிய ஜெபம் அண்ணாச்சி? அது வயித்துப்பாடு. வேண்டாங்கிற ஆளு கேக்கணும். அதைக் கர்த்தர் குனிஞ்சு பார்ப்பாருன்னு எனக்குத் தோணுது."

"பெய்ஞ்சா என் லோடு போயிரும்."

"போயிரும்."

"ஆபீஸை மூட வேண்டியது வரும். உங்களுக்குத் தெரியுதா? அந்த ஆர்டர் கர்த்தர் குடுத்தது."

"கர்த்தர் குடுத்தாரா, வறட்சி குடுத்துச்சா?"

பதில் இல்லாத மனுஷன் என்ன செய்வான்? எகிறுவான். நான் எகிறினேன். "நேத்து வரைக்கும் லோடு ஆட்டோ ஓட்டுன ஆளுகிட்ட வேதம் கேக்க வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

அவர் சிரித்தார். "உங்க பண்டலைத்தான ஏத்துனேன் அண்ணாச்சி. உங்க வெயிட்டு எம்புட்டுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க தாங்குவீங்க."

சைக்கிளை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நல்ல மனுஷன். ஆனால் அன்றைக்கு அந்தச் சைக்கிளைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போல இருந்தது.

திரும்பி வரும்போது கெங்குசாமி நாயக்கர் வழியில் நின்றார். பெரிய சம்சாரி, அதாவது நிறையக் காடு வைத்து விவசாயம் பார்க்கிறவர், என்னைவிட மூத்தவர், என் ஆபீஸுக்கு மேற்கே ஒட்டினாற்போல அவர் புஞ்சை. வாயைத் திறந்தால் தமிழும் தெலுங்கும் கேலியும் சேர்ந்து வரும்.

"ஏமிரா ஞானமுத்து! நாங்க மழைக்கஞ்சி காய்ச்சி ஊத்தியாச்சு. உங்க ஆளுகளும் உபவாசம் இருக்கப்போறாகளாம். ரெண்டு சாமியும் சேர்ந்து மேகத்தை இங்கிட்டு இழுக்குது. நீ ஒருத்தன் அந்தப் பக்கம் கயித்தைப் பிடிச்சுத் தொங்குதியாமே?"

"யாரு சொன்னா நாயக்கரே?"

"உன் இருமலு என் காடு வரைக்கும் கேக்குதுலே!"

கர்த்தருக்குத் தேதி கொடுத்தேன்

புதன்கிழமை மத்தியானம். கோயிலுக்குள் நிற்க இடமில்லை. காலையிலிருந்து ஒருவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கரண்ட் வேறு போய்விட்டது. பத்துப் பேர் ஜெபித்திருப்பார்கள். ஒரு கிழவர் தன் காட்டு மண்ணை மடியில் கட்டிக்கொண்டு வந்து பீடத்தின் முன்னால் கொட்டினார். மாவு மாதிரிக் கொட்டியது. அதில் முளைக்காத உளுந்து ஒன்றிரண்டு கிடந்தது.

என் ஆபீஸ் பெண்கள் எல்லோரும் முன்வரிசையில் இருந்தார்கள். எஸ்தர் நடுவில். எஸ்தர்தான் அவர்களுக்குத் தலைவி மாதிரி. கை வேகமும் வாய் வேகமும் உள்ளவள். அத்தனை பேர் வீட்டிலும் கொஞ்சம் காடு உண்டு. காட்டில் ஒன்றும் விளையாததால்தான் என்னிடம் வேலைக்கு வந்தார்கள். இதையெல்லாம் நான் அதுவரை யோசித்ததே இல்லை.

உபதேசியார் கண்ணைக் காட்டினார். எழுந்தேன். வெள்ளிக்கிழமை லாரி வருகிறது. களம் முழுக்கப் பெட்டி காய்கிறது. இன்னும் இரண்டு நாள், இரண்டே நாள்.

"ஆண்டவரே" என்று ஆரம்பித்தேன். "மழை தாரும்."

'ஆமென்' என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"நல்ல மழை தாரும். காடு நிறையத் தாரும். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் தாரும்."

எங்கோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அதைத் தொட்டு இன்னொருத்தி. பட்டினி கிடந்த சபை தோளைக் குலுக்கிக்கொண்டு சிரிக்கிறது! உபதேசியார் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"அண்ணாச்சி, தேதி குடுக்காதீங்க."

தொண்டையில் அது ஊர்ந்து வந்தது. உங்களுக்குத் தெரியுமே, அந்த இருமல். வாய்க்குக் கையைக் கொண்டுபோனேன். பெண்கள் பக்கத்திலிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது, கத்தி மாதிரி:

"இருமாதீங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கோயிலுக்குள் அவள் என்னோடு பேசியது அந்த ஒரு வார்த்தைதான். கையைக் கீழே விட்டேன்.

அதற்குப் பிறகு பேசியதை நான் யோசித்துப் பேசவில்லை. "ஆண்டவரே, இவிய எல்லாரும் மழை கேக்காவ. நான் ஒருத்தன் வேண்டாம்னு கேட்டேன். நாப்பது வருஷமா இருமியே கேட்டேன். இவிய காடு காயட்டும்னு நம்பி ஆர்டர் வாங்குனேன். அதுக்கு உமக்கு ஸ்தோத்திரமும் சொன்னேன். என்னை மன்னியும். இனிமே என் ஜெபத்தைக் கேக்காதேயும், இவிய ஜெபத்தைக் கேளும். இன்னைக்கே வேணும்னாலும் கேளும்."

பிறகு சொன்னேன். அடிவயிற்றிலிருந்து, நாற்பது வருஷமும் சேர்த்து.

"ஆமென்!"

ஓட்டுக்கு மேலே இருந்த புறாக்கள் மொத்தமும் படபடவென்று பறந்தன. இதில் ஒரு சொல் கூட்டவில்லை. வேண்டுமானால் எங்கள் ஊரில் விசாரியுங்கள்.

அடைக்கவா, அடைக்கவா?

வெளியே வந்து பார்த்தால் வானம் துடைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. வியாழக்கிழமை காலையிலும் அப்படியே. எஸ்தரிடம், "ஏட்டி, உன் செல்லுல வானிலை பாரு" என்றேன். முழுச் சூரியன் படம் போட்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆமென்னும் சொல்லியாயிற்று, லோடும் போய்விடும். இரண்டும் கிடைத்தது என்று நினைத்தேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவுகிறேன், கிழக்கேயிருந்து ஒரு காற்று வந்தது. கூடவே அந்த மண்வாசனை.

திரும்புவதற்குள் கிழக்கு கறுத்துவிட்டது. முதல் துளி என் வழுக்கையில் விழுந்தது, கோலிக்குண்டு மாதிரி.

"ஏட்டி, பெட்டிய எடுங்கட்டி! ஓடியாங்கட்டி!" என்று கத்தினேன். பெண்கள் ஓடி வந்து தட்டுகளில் பெட்டிகளை அள்ளினார்கள். கால்வாசி உள்ளே போயிருக்கும். அதற்குள் மழை கொட்டு கொட்டென்று கொட்ட ஆரம்பித்தது. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்கவில்லை. அதையும் மீறி மேற்கே நாயக்கர் குரல் கேட்டது.

"உடைப்பு எடுத்துட்டுரோய்! மேவரப்பு உடைஞ்சிட்டு!"

இரண்டு வருஷம் காய்ந்த கரிசல் வரப்பு. கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கினால் வரப்பு பொத்துக்கொள்ளும். நாயக்கர் காட்டு மேட்டிலிருந்து வருகிற தண்ணீர் கீழே இருக்கிற சின்னச் சின்னக் காடுகள் வழியாகத்தான் ஓடும். புழுதியில் போட்ட விதையை மண்ணோடு வாரிக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். மூன்றாவது வருஷ விதை. இனி விதைக்க வீட்டில் ஒன்றும் கிடையாது.

பெண்கள் நின்றுவிட்டார்கள். கையில் தட்டு, கண் மேற்கே. ஒருத்தியும் போகவில்லை, ஒருத்தியும் அள்ளவும் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எஸ்தர் இடுப்பில் தட்டோடு, முகத்தில் மழை வழிய, கேட்டாள்:

"அண்ணாச்சி, நாங்க பெட்டிய அடைக்கவா, உடைப்ப அடைக்கவா?"

கேலியாகக் கேட்கவில்லை. நான் 'பெட்டி' என்று சொன்னால் அள்ளியிருப்பாள். அதுதான் என்னைக் கொன்றது.

தொண்டையில் இருமல் வந்து நின்றது. அந்தப் பக்கம் லாரி, ஆர்டர், திறந்த ஆபீஸ். இந்தப் பக்கம் நேற்று நான் சொன்ன ஒரு சொல். கோயிலுக்குள் அதைச் சொல்வது ஒன்று, களத்தில் பெட்டி நனையும்போது சொல்வது ஒன்று.

"உடைப்ப அடைங்கட்டி!" என்று கத்தினேன். "தட்டைப் போட்டுட்டு ஓடுங்க! ஓடுங்கட்டி!"

தட்டுகள் டமார் டமார் என்று விழுந்தன. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கல்யாண வீட்டுக்கு ஓடுவது போல ஓடினார்கள். ஒருத்தி ஓடிக்கொண்டே பாடுகிறாள்.

பாக்கியம் குனிந்து பெட்டி அள்ளப்போனாள். "விடு பாக்கியம்" என்றேன். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. எனக்குத்தான் தோன்றியது, வேறு யாருக்கும் அல்ல, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேரளாவிலிருந்து குச்சி வந்த காலிச் சாக்குகள் மூலையில் அடுக்கிக் கிடந்தன. இரண்டு பேரும் ஆளுக்கொரு கட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சாக்கில் சகதியை அள்ளிப் போட்டுக் கட்டிக் கட்டி உடைப்பில் இறக்கினோம். அதற்குள் ஊரே வந்துவிட்டது. உபதேசியார் முழங்கால் வரை சேற்றில் நின்று மூட்டையை மிதித்தார். நாயக்கர் மண்வெட்டியை எறிந்துவிட்டுத் தன் முதுகையே உடைப்புக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"ஏலே ஞானமுத்து! அளவாச் சொல்லப்படாதாலே உன் ஆமெனை? பாதியைத் திருப்பி வாங்குலே, முங்கப்போறோம்!"

நான் சிரித்தேன். அந்தச் சேற்றில் உட்கார்ந்து, வாய்க்குள் மழை விழ விழச் சிரித்தேன். அப்போது மூக்கில் அந்த வாசனை இருந்தது. வயிறு பிசையவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவை.

உடைப்பு நின்றது. விதை நின்றது.

மழைத்துளி

என் களத்தில் ஒன்றும் நிற்கவில்லை. அட்டையெல்லாம் கூழாகிவிட்டது. லேபிள் சாயம் கரைந்து சிவப்புத் தண்ணீராக ஓடிற்று. உள்ளே போன கால்வாசியும் நமுத்துப்போனது. வெள்ளிக்கிழமை லாரி ஊர் விலக்கு வரைக்கும் வந்தது. கரிசல் சேற்றைப் பார்த்த டிரைவர் லாரியை ஊருக்குள் இறக்கவே இல்லை. நான் கட்டிய நிழற்குடையில் ஒதுங்கி நின்று போன் போட்டார். வியாபாரி வேறு ஊருக்குப் போய்விட்டார். பிறகு என்னிடம் வரவே இல்லை.

தை வரைக்கும் ஆபீஸ் திறக்கவில்லை. அந்த மாதங்களில் பட்ட கஷ்டத்தை நான் மினுக்கிச் சொல்ல விரும்பவில்லை. பாக்கியத்தின் கழுத்து வெறுங்கழுத்தானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இப்ப என்ன சொல்லுதீங்க உபதேசியாரே? எல்லாம் போச்சு" என்று கேட்டேன். அவர், "கோயிலுக்கு வந்துட்டுத்தான கேக்குதீங்க?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். ஆனால் வாரம் தவறாமல் என் வீட்டுக்கு வந்து, பாயில் உட்கார்ந்து, எங்களோடு ஜெபித்துவிட்டுப் போனார்.

தை மாதம் முதற்பலன் ஆராதனை. பீடத்தின் முன்னால் பாசியும் உளுந்தும் குவிந்து கிடந்தன. கிழவர் மண் கொட்டிய அதே இடம். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு சுளகு நிறையப் பாசிப்பயறு. பக்கத்தில் இன்னொன்று, இன்னொன்று. எஸ்தர் தூணில் சாய்ந்து நின்றாள்.

"ஆபீஸை எப்பத் திறக்கப்போறீங்க அண்ணாச்சி? கை அரிக்குது."

"காட்டுலதான் விளைஞ்சிட்டே, எங்கிட்ட எதுக்கு வாரீங்க?"

"அதுக்கு? வெயிலையும் வீணாக்கணுமா?"

திறந்தேன். புதிதாக ஒரு லேபிள் அடித்தேன். பெயர் 'மழைத்துளி'. கோவில்பட்டி அச்சாபீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணாச்சி, தீப்பெட்டிக்கு மழையா? நமுத்த பெட்டின்னு நீங்களே தண்டோரா போடுதீங்களே!" என்றார். "அடிங்க" என்றேன். இன்றைக்கு மழைத்துளி எந்தெந்த ஊரில் கிடைக்கிறது என்று நான் சொன்னால் பெருமை அடிப்பதாகச் சொல்வீர்கள். கடையில் கேட்டுப் பாருங்கள்.

மலரில் போட்டிருக்கும் பொய்

இதையெல்லாம் இந்த வாரம் எழுதக் காரணம் உண்டு. எங்கள் கோயிலின் ஆண்டு மலர் சென்ற மாதம் வந்தது. வழவழப்பான தாள். காம்பவுண்டுச் சுவர், மின்விசிறிகள், அசனக் கொட்டகை, போர் எல்லாவற்றுக்கும் என் பெயர் போட்டிருக்கிறார்கள். போட்டோகூட உண்டு. பக்கத்தைத் திருப்பினால் மழை வந்த கதை. இப்படி எழுதியிருக்கிறார்கள்: 'சபையார் அனைவரும் ஒருமனப்பட்டு ஜெபித்தார்கள். கர்த்தர் மழையைத் தந்தார்.'

மலரைத் தூக்கிக்கொண்டு உபதேசியாரிடம் போனேன். அவருக்கும் இப்போது நரை விழுந்துவிட்டது.

"என் பேரு எங்க?"

"அதான் நாலு இடத்துல போட்டிருக்கே அண்ணாச்சி."

"மழையில எங்க?"

"மழைக்கு மகிமை கர்த்தருக்குல்லா?"

"மகிமைய நான் கேட்டேனா? மழை அவரு தந்தது. ஆமென் நான் சொன்னது."

சிரிக்கிறார். சிரிக்கட்டும். ஆனால் மலர்க் குழுவாருக்கு இந்தப் பத்திரிகை வாயிலாகவே சொல்கிறேன். நீங்கள் போட்டிருப்பது பொய். சபை ஒருமனப்படவில்லை. ஒரு மனம் குறைந்தது. அது என் மனம். நாற்பது வருஷம் இருமிக்கொண்டு வெளியே நின்ற மனம். அது உள்ளே வந்து சேர்ந்த பிறகுதான் சபை ஒருமனமானது.

மறுபதிப்புப் போடும்போது சுவரிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். விசிறி, கொட்டகை, போர், எதில் வேண்டுமானாலும் என் பெயரை அடித்துவிடுங்கள். போட்டோவையும் எடுங்கள். அந்த ஒரு வரியை மட்டும் திருத்துங்கள். 'கடைசியாக வந்து சேர்ந்த மனம்: தீப்பெட்டி ஞானமுத்து' என்று போடுங்கள்.

போட்டே ஆக வேண்டும்.